குதிரையிலிருந்து 142 மில்லிமீட்டர்

மார்ச் 3

அண்ணிக்கு,

நான்கு வருஷம் கழித்து எழுதுகிறேன். எழுத வைத்தது நேற்று எங்கள் பேட்டர்ன் ஷாப் வாசலில் வந்து இறங்கிய ஒரு பெட்டி. அனுப்பியவர் யாரென்று மேலே போடவில்லை. ஆனால் மூலைக்கு மூலை அட்டையை மடித்துக் கொடுத்து, டேப்பை மூன்று சுற்று சுற்றியிருந்த விதத்தைப் பார்த்ததுமே அண்ணன் கைவேலை என்று தெரிந்துவிட்டது. பார்சல் கம்பெனியில் பதினைந்து வருஷமாகப் பெட்டி கட்டுகிறவன் எங்கே போய் ஒளிவான்?

உள்ளே கிட்டார் உருவத்தில் வெட்டிய ஒரு மரப்பலகை, நாற்பத்தைந்து மில்லிமீட்டர் கனம். ஃப்ரெட் என்கிற குறுக்குக் கம்பிகள் அடித்த கழுத்து ஒன்று, வழக்கத்தைவிடக் குட்டை. கம்பியை முறுக்க நான்கு சாவிகள், பிரிட்ஜ் என்கிற இரும்புத் தகடு, ஒரே ஒயரில் கோத்த இரண்டு கறுப்புப் பெட்டிகள். கூடவே ஒரு துண்டுச் சீட்டு: "உளி, பார்த்துச் செய்."

வீட்டில் எனக்கு உளி என்றுதான் பெயர், உங்களுக்கே தெரியும். எதைச் செய்வது என்றுதான் எழுதவில்லை. இதெல்லாம் உங்களுடையதாகத்தான் இருக்க வேண்டும். உங்களுக்குத் தெரிந்து வந்ததா, தெரியாமல் வந்ததா? ஃபோனில் பேசுவது எனக்கு ஒத்துவராது. இரண்டு வரி எழுதினால் போதும். அதுவரை எதையும் தொட மாட்டேன்.

நாத்தனார்


மார்ச் 9

நாத்தனாருக்கு,

தெரியாமல்தான் வந்தது. ஒரு வருஷமாக ஒவ்வொன்றாகச் சேர்த்து, துணி சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தேன். உங்கள் கடிதம் வந்த பிறகு குனிந்து பார்த்தால் காலி. உங்கள் அண்ணனைக் கேட்டேன். "நானா? எனக்கு ஒண்ணும் தெரியாதே" என்றார். சொல்லும்போதே காது மடல் சிவந்துவிட்டது. அப்புறம், "மூணு கடையில ஏறி இறங்கிட்ட, யாரும் வெட்டித் தர மாட்டேங்கறாங்க. என் தங்கச்சிய விட மரத்த யாரு நல்லா வெட்டுவா?" என்று என்னையே திருப்பிக் கேட்கிறார்.

அவர் சொன்னது உண்மையாக இருக்கலாம். ஆனாலும் வேண்டாம். நான்கு வருஷத்துக்கு முன்னால் அத்தை வீட்டுக் கூடத்தில் என் பேஸ் கிட்டார் உங்களால் விழுந்து கழுத்து முறிந்தது. அதைக்கூட மறந்திருப்பேன். நீங்கள் குனிந்து அந்தத் துண்டை எடுத்துப் பார்த்துவிட்டு, "கட்டைதானே, ஒட்டினா போச்சு" என்றீர்கள் பாருங்கள், அதை மறக்க முடியவில்லை. பதினெட்டு வயதிலிருந்து நான் வாசித்த வாத்தியம் அது.

வந்தபடியே கட்டித் திருப்பி அனுப்பிவிடுங்கள். கழுத்தை மட்டும் சூடான இடத்தில் வைக்காதீர்கள், வளைந்துவிடும்.

அண்ணி


மார்ச் 15

அண்ணிக்கு,

கட்டிவிட்டேன். அண்ணன் அளவுக்கு வராவிட்டாலும் ஓரளவு நன்றாகவே கட்டியிருக்கிறேன். இந்தக் கடிதத்துக்கு உங்கள் பதில் கிடைத்த மறுநாள் போய்விடும்.

கட்டும்போது கை சும்மா இருக்கவில்லை, அளந்துவிட்டேன். அளக்காமல் ஒரு மரத்தை எடுத்து வைக்க எனக்கு வராது. கழுத்து மாட்டும் பள்ளம் சரியாக வெட்டியிருக்கிறது. பிரிட்ஜுக்கு நடுக்கோடு போட்டிருக்கிறது. ஆனால் அந்தக் கறுப்புப் பெட்டிகள் இறங்க வேண்டிய பள்ளம் இல்லை. பிக்கப் என்கிறார்களே, அதுதான் அவை என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். எங்கே வெட்டுவதென்று இங்கே கிட்டார் ரிப்பேர் செய்கிற ஒருவரைக் கேட்டேன். "பிரிட்ஜ்லேர்ந்து நூத்தி அறுபது மில்லிமீட்டர், கண்ண மூடிக்கிட்டு வெட்டுங்க" என்றார். கண்ணை மூடிக்கொண்டு வெட்டுகிறவர் சொன்னால் நான் நம்புவதில்லை. அது எந்த நீளக் கம்பிக்கு என்று கேட்டேன். "எல்லாத்துக்கும்தான்" என்றார்.

அது எப்படிச் சரியாகும்? எங்கள் ஃபவுண்டரி வேலையில், மரத்தில் நாங்கள் ஓர் உருவம் செய்து கொடுப்போம். அதை மணலில் பதித்து இரும்பை ஊற்றுவார்கள். இரும்பு ஆறும்போது சுருங்கும் என்பதால், எங்கள் உருவத்தைக் கொஞ்சம் கூட்டியே செய்வோம். எல்லாம் ஒரே விகிதம். உங்கள் கதை தலைகீழ். கழுத்து குட்டை, கம்பியின் ஆடும் நீளம் வழக்கமான 864-க்குப் பதில் 762 மில்லிமீட்டர்தான் வரும். அப்படியானால் 160 என்பதும் அதே விகிதத்தில் சுருங்கி 141 ஆக வேண்டாமா? அவர் பேச்சைக் கேட்டு வெட்டியிருந்தால் கிட்டத்தட்ட இரண்டு சென்டிமீட்டர் தப்பாகியிருக்கும்.

எனக்குச் சங்கீதம் தெரியாது. விகிதம் தெரியும். வேறு யாரிடம் கொடுத்தாலும் இதை மட்டும் சொல்லிக் கொடுங்கள்.

நாத்தனார்


மார்ச் 22

நாத்தனாருக்கு,

பெட்டியை அனுப்ப வேண்டாம்.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நான் ஏறி இறங்கிய மூன்று கடைகளிலும் நூற்று அறுபதுதான் சொன்னார்கள். ஏதோ இடிக்கிறது என்று எனக்குத் தோன்றியது, என்னவென்று சொல்லத் தெரியவில்லை. கிட்டாரே வாசித்திராத நீங்கள் பெட்டி கட்டுகிற நேரத்தில் கண்டுபிடித்துவிட்டீர்கள். கோபத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டுச் சொல்கிறேன், அசந்துபோனேன்.

பிக்கப் என்பது காது மாதிரி. அந்தப் பெட்டிக்குள் காந்தமும் சுருள்கம்பியும் இருக்கின்றன. மேலே கம்பி ஆடும்போது அந்த ஆட்டத்தை அது பிடித்துக்கொள்ளும். கழுத்துப் பக்கம் வைத்தால் கம்பி அகலமாக ஆடுகிற இடம், சத்தம் உருண்டையாக வரும், அளவுக்கு மிஞ்சினால் குழகுழப்பாகிவிடும். பிரிட்ஜ் பக்கம் வைத்தால் கூர்மை, அளவுக்கு மிஞ்சினால் தகர டப்பா. ஒரே கம்பி, ஒரே கை. காது இருக்கும் இடத்தைப் பொறுத்து ஆளே மாறிவிடும். என்னிடம் இருப்பது இரண்டாகப் பிளந்த வகை. ஒரு பெட்டி தடித்த இரண்டு கம்பிகளுக்கு, இன்னொன்று மெல்லிய இரண்டுக்கு. தடித்ததன் பெட்டி கழுத்தை நோக்கிக் கொஞ்சம் முன்னால், மெல்லியதன் பெட்டி பிரிட்ஜை நோக்கிக் கொஞ்சம் பின்னால் இருப்பது வழக்கம்.

ஒரு விஷயம் கவனம். பிரிட்ஜிலிருந்து என்று எல்லாரும் பொத்தாம்பொதுவாகச் சொல்வார்கள். தகட்டின் விளிம்பிலிருந்து அளக்கக் கூடாது. தகட்டின் மேல் நான்கு சின்ன இரும்புக் கட்டைகள் இருக்கின்றனவே, கம்பி ஏறி உட்காரும் குதிரைகள், அங்கிருந்துதான் அளக்க வேண்டும்.

நான் கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவள். கண்மணிக்கு நேராக லென்ஸின் நடு வராவிட்டால், ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் போட்டுக்கொள்கிறவருக்குத் தலை சுற்றும். அதனால் உங்கள் பிடிவாதம் எனக்குப் புரிகிறது.

ஜூன் இருபதாம் தேதி நகர மண்டபத்தில் எங்கள் இசைக் குழுவின் நிகழ்ச்சி. இரவல் கிட்டாரில் வாசித்து வாசித்து இடது மணிக்கட்டு வீங்கிக் கிடக்கிறது. கழுத்து நீளம், என் கை சின்னது. "இந்த முறை கை வலிக்குதுன்னு நடுவுல நிறுத்தினா வேற ஆள் பார்த்துக்குவேன்" என்று குழுத் தலைவர் சொல்லிவிட்டார். கீபோர்டு வாசிக்கிறவர், கெட்டவரில்லை, பொறுமைதான் குறைவு.

இதோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். வாசிக்கும்போது என் வலது கை விரல்கள் விழும் இடத்தையும் கட்டைவிரல் நிற்கும் இடத்தையும் பென்சிலால் வரைந்திருக்கிறேன். உதவுமா பாருங்கள்.

அண்ணி


ஏப்ரல் 6

அண்ணிக்கு,

உதவியது. கட்டைவிரல் நிற்கும் இடத்தை மூன்று முறை வரைந்து, மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்திருப்பதைப் பார்த்தேன். பத்து வருஷம் அனுபவமுள்ள தச்சர்களே அப்படிக் கோடு போட மாட்டார்கள்.

எங்கள் ஷாப்பில் பேட்டர்ன் செய்யாமல் எதையும் வார்ப்பதில்லை. அதனால் உங்கள் பலகையைத் தொடாமல், கழிவுக் கட்டையில் ஒரு பொய் உடம்பு செய்தேன். கழுத்தும் பிரிட்ஜும் அதில் பூட்டி, ஒரு செட் கம்பி வாங்கி மாட்டி, கம்பிக்குக் கீழே நீள வாக்கில் ஒரு வாய்க்கால் வெட்டி, பிக்கப் இரண்டையும் ஒரு சறுக்குப் பலகையில் உட்கார வைத்திருக்கிறேன். முன்னும் பின்னும் தள்ளலாம். பக்கத்தில் ஸ்கேல் ஒட்டியிருக்கிறேன், பூஜ்ஜியம் குதிரையில். வெட்டுவதற்கு முன்னாலேயே ஒவ்வோர் இடமும் எப்படிப் பேசுகிறது என்று கேட்டுவிடலாம்.

மோல்டிங் பகுதியில் ஒரு பெரியவர் இருக்கிறார். முப்பது வருஷமாக மணல் இடித்து இடித்து மீசையில்கூட மணல், அதனால் அவரை மணல்மீசை என்போம். தன் பேத்தியின் ஸ்பீக்கர் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். மதிய இடைவேளையில் நான்கு இடங்களில் பிக்கப்பை நிறுத்தி, ஒவ்வோர் இடத்திலும் நான்கு கம்பிகளையும் தட்டிப் பதிவு செய்தேன். மெமரி கார்டும், நான்கு இடங்களின் அளவு எழுதிய சீட்டும் உள்ளே இருக்கின்றன. கழுத்திலிருந்து தொடங்கி ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

எனக்கு வாசிக்கத் தெரியாது, தட்டினேன், அவ்வளவுதான். சிரிக்க வேண்டாம்.

ஒன்று சொல்ல வேண்டும். தடித்த கம்பியைத் தட்டியபோது முழங்கை மேஜை மேல் இருந்தது. சத்தம் முழங்கை வழியாகத் தோளுக்கு ஏறி வந்தது. கையை எடுக்க மனசு வரவில்லை. மணல்மீசை வந்து, "என்னம்மா, மணி அடிச்சது கேக்கலயா?" என்று தோளைத் தொட்ட பிறகுதான் எழுந்தேன்.

நாத்தனார்


ஏப்ரல் 14

நாத்தனாருக்கு,

சிரிக்கவில்லை. கார்டைப் போட்டதும் உங்கள் அண்ணன் சமையலறையிலிருந்து ஓடிவந்து, "யாரு வாசிக்கறது?" என்றார். உங்கள் தங்கை என்றேன். நம்பவில்லை. ஒவ்வொரு தட்டலும் ஒரே பலம், ஒரே இடைவெளி. எங்கள் டிரம்ஸ்காரர் அப்படி ஒரு நாள் வாசித்தால் நாங்கள் ஆளுக்கொரு மாலை போடுவோம்.

இப்போது தீர்ப்பு. ஒன்று: கழுத்துக்கு மிக அருகில், தலையணைக்குள் பேசுகிற மாதிரி. இரண்டு: தடித்த கம்பிகள் இன்னும் போர்வையை விடவில்லை. மெல்லிய இரண்டும் மட்டும் நல்ல குரல், யாரோ பாடுகிற மாதிரி. ஆனால் இரண்டு கம்பிக்காக இரண்டைப் பலிகொடுக்க முடியாது. நான்கு: ரொம்பக் கறார், பாட்டு முழுக்கத் திட்டுவது போல. மூன்றுதான் சரி. எல்லாக் கம்பியும் ஒரு வீட்டு ஆட்களாகப் பேசுகின்றன.

மூன்றின் அளவு உங்கள் சீட்டில் 142 என்று இருந்தது. உங்கள் கணக்கு சொன்னது 141. என் காதுக்கும் உங்கள் கணக்குக்கும் ஒரே ஒரு மில்லிமீட்டர்தான் சண்டை. அதில் காது ஜெயிக்கட்டும். தடித்ததன் பெட்டி 142, மெல்லியதன் பெட்டி 118. குதிரையிலிருந்து.

வெட்டுங்கள். பயமில்லாமல் சொல்கிறேன்.

உங்கள் அண்ணி


ஏப்ரல் 29

அண்ணிக்கு,

தப்பாக வெட்டிவிட்டேன்.

எப்படி எழுதினாலும் அந்த வரியைத்தான் முதலில் எழுத வேண்டும். அதனால் எழுதிவிட்டேன். இரண்டு பள்ளங்களும் இருபது மில்லிமீட்டர் கழுத்தை நோக்கித் தள்ளி விழுந்திருக்கின்றன. 142-க்குப் பதில் 162, 118-க்குப் பதில் 138. வெட்டு சுத்தமாக இருக்கிறது, சுவர் நேராக இருக்கிறது, இடம்தான் தப்பு.

நடந்தது இதுதான். பலகையில் பிரிட்ஜை இன்னும் பூட்டவில்லை, அதன் உருவத்தை மட்டும் பென்சிலால் வரைந்திருந்தேன். நீங்கள் அவ்வளவு தெளிவாக எழுதியும், தகட்டின் முன்விளிம்புக் கோட்டைக் குதிரைக் கோடு என்று எடுத்து, வெட்டுக்கு வழிகாட்டும் டெம்ப்ளேட்டைப் பிடித்துவிட்டேன். பள்ளம் குடைகிற ரௌட்டரைப் போடப் போகும்போது மணல்மீசை எதிரில் நின்று ஏதோ சொன்னார். நல்லா இருக்கிறது என்கிறார் என்று நினைத்துத் தலையாட்டிவிட்டு மெஷினை இறக்கினேன். அவர் இரண்டு கையையும் ஆட்டியிருக்கிறார், என் கண் வெட்டுகிற கோட்டிலேயே இருந்ததால் பார்க்கவில்லை. முதல் பள்ளம் முடிந்தது. இரண்டாவதையும் முடித்த பிறகு மெஷினை நிறுத்தினேன். அவர் முகத்துக்கு நேராக வந்து, "அது விளிம்பும்மா, கோடு இல்லனு கத்தினேனே!" என்றார்.

அண்ணி, எனக்குக் காது சரியில்லை. ஆறு வருஷமாகவே. ஃபவுண்டரிச் சத்தம் தின்றுவிட்டது. சத்தம் கேட்கிறது, சொல் கேட்பதில்லை. பேச்சில் உயிரெழுத்து வந்து சேரும், மெய்யெழுத்து வழியிலேயே விழுந்துவிடும். உதட்டைப் பார்த்து மீதியை நிரப்பிக்கொள்கிறேன். ஃபோனில் உதடு கிடையாது. வேலையிலிருந்து எடுத்துவிடுவார்களோ என்று யாரிடமும் சொன்னதில்லை, அண்ணனிடம்கூட. பாட்டு என்றால் எனக்கு ஈரத்துணி பிழிகிற சத்தம்தான். அதனால்தான் உங்கள் வாத்தியத்தைக் கட்டை என்று சொல்ல வாய் வந்தது. அது சமாதானம் இல்லை, தெரியும்.

துண்டு வைத்து அடைத்து, பெயின்ட் அடித்து, சரியான இடத்தில் மறுபடி வெட்டினால் உங்களுக்குத் தெரியாமலே போகும். என்னால் அதைச் செய்ய முடியும். செய்யவில்லை. பலகை மேஜை மேல் இருக்கிறது. என்ன செய்யச் சொல்கிறீர்களோ அதைச் செய்கிறேன்.

நாத்தனார்


மே 14

உளிக்கு,

பதினைந்து நாள் பதில் எழுதவில்லை. முதல் வாரம் கோபம். உன் அண்ணனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பெட்டியை அனுப்பிய பாவத்துக்கு அவரும் கையைக் கட்டிக்கொண்டு சுற்றிவந்தார். இரவல் கிட்டாரை எடுத்து வாசித்தேன், மணிக்கட்டு வலித்தது, நீதான் காரணம் என்று நினைத்துக்கொண்டேன். பழைய பேஸை உடைத்தாய், இப்போது புதிதையும் வெட்டிவிட்டாய் என்று தனியாக உட்கார்ந்து திட்டினேன்.

இரண்டாம் வாரம் உன் கடிதத்தைத் திரும்ப எடுத்தேன். மணல்மீசை கத்தினார், உனக்குக் கேட்கவில்லை என்ற வரியில் நின்றுவிட்டேன். அத்தை வீட்டில் அன்றைக்கு என்ன நடந்தது என்று யோசித்துப் பார்த்தேன். நீ கூடத்தில் நாற்காலியை நகர்த்திக்கொண்டிருந்தாய். என் கிட்டார் அதன் மேல் சாய்ந்திருந்தது. நான் சமையலறையிலிருந்து, "அத நகத்தாதீங்க, விழுந்துடும்!" என்று கத்தினேன். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. நீ திரும்பிக்கூடப் பார்க்காமல் நாற்காலியை இழுத்தாய். வேண்டுமென்றேதான் செய்தாய் என்று நான்கு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். உனக்கு முதுகுதானே என் பக்கம் இருந்தது. என் உதடு உனக்கு எப்படித் தெரியும்?

கேட்காமல் தீர்ப்பு எழுதிவிட்டேன். ஊரெல்லாம் நல்ல காது என்று பாராட்டுகிற காதை வைத்துக்கொண்டு.

உன் பலகைக்கு வருகிறேன். அடைத்து மறைத்திருக்கலாம், மறைக்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். வேறு யாரிடம் கொடுத்திருந்தாலும் பளபளவென்று பெயின்ட் அடித்து என் கையில் கொடுத்திருப்பார்கள். நானும் தப்பு எங்கே என்று தெரியாமல் வாழ்நாள் முழுக்க சத்தம் கூட்டும் ஆம்ப் பெட்டியின் குமிழைத் திருகிக்கொண்டிருப்பேன்.

என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தோன்றுவதைச் செய். இன்னும் ஐந்து வாரம்தான் இருக்கிறது.

அண்ணி


மே 19

அண்ணிக்கு,

கோபத்தில் 'நீ' என்று எழுதிவிட்டீர்கள். வயசில் நான் இரண்டு வருஷம் மூத்தவள் என்று கல்யாணத்திலிருந்து மரியாதை கொடுத்துக்கொண்டிருந்தீர்கள். இனி மாற்ற வேண்டாம், இதுதான் நன்றாக இருக்கிறது. நான் மட்டும் அண்ணியை நீங்கள் என்றே சொல்லிக்கொள்கிறேன். எனக்குப் பழக்கம்.

சமையலறையிலிருந்து நீங்கள் கத்தினீர்கள் என்பதே எனக்கு உங்கள் கடிதத்தைப் பார்த்துத்தான் தெரியும். அதைப் படித்துவிட்டு வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். அப்புறம் வந்து வேலையைப் பார்த்தேன்.

ஏப்ரலில் நீங்கள் எழுதிய தீர்ப்பை எடுத்து மேஜையில் ஒட்டினேன். இரண்டாம் இடத்தைப் பற்றி என்ன எழுதியிருந்தீர்கள்? தடித்தவை போர்வைக்குள், மெல்லியவை மட்டும் நல்ல குரல். இரண்டாம் இடம் எது என்று என் சீட்டைப் பார்த்தேன். 162, 138. நான் தப்பாக வெட்டியிருக்கும் அதே இடம். அப்படியானால் மெல்லிய கம்பிகளின் பள்ளம் தப்பில்லை. தடித்தவற்றின் பள்ளம் மட்டும்தான் தப்பு.

பிக்கப் இரண்டு தனித்தனிப் பெட்டிகள்தானே. சேர்ந்தே நகர வேண்டும் என்று யார் சொன்னது? பொய் உடம்பில் சறுக்குப் பலகையை இரண்டாக அறுத்தேன். மெல்லியதன் பெட்டியை 138-இலேயே நிறுத்திவிட்டு, தடித்ததன் பெட்டியை மட்டும் மெதுவாகப் பிரிட்ஜை நோக்கி இழுத்தேன். ஒவ்வொரு இழுப்புக்கும் முழங்கையை மேஜையில் ஊன்றி ஒரு தட்டு. 114 வந்தபோது போர்வை போய்விட்டது. முழங்கையில் தெளிவாகத் தெரிந்தது. சத்தம் அடித்த இடத்தில் தொடங்கி, நிறுத்திய இடத்தில் நிற்கிறது.

வழக்கத்துக்கு நேர் எதிர். தடித்தது பின்னால், மெல்லியது முன்னால். இப்படி யாராவது செய்வார்களா என்று ரிப்பேர்காரரைக் கேட்டேன். "சில பேர் செய்வாங்க, கொஞ்சம் கிறுக்கு பிடிச்சவங்க" என்றார். கார்டு வைத்திருக்கிறேன். முழங்கை சொல்வதை நம்ப வேண்டாம். உங்கள் காது சொல்லட்டும்.

காலியாகும் அந்தத் தடித்த கம்பிப் பள்ளத்தை அதே மர இனத்தில், ரேகை ஓட்டம் பார்த்து, துண்டு வைத்து அடைக்கலாம். நீங்கள் வரைந்த தாளை மேலே வைத்துப் பார்த்தேன். உங்கள் கட்டைவிரல் நிற்கும் இடம் அந்தப் பள்ளத்தின் மேல்கரையில் விழுகிறது. அதனால் துண்டின் அந்த ஓரத்தை மட்டும் எட்டு மில்லிமீட்டர் மேலே எழும்பவிட்டு, வழுவழுப்பாக உருட்டினால் கட்டைவிரல் ஊன்ற ஒரு மேடை கிடைக்கும். இது நான் யோசித்தது. பிடிக்காவிட்டால் சீவி விடுகிறேன்.

நாத்தனார்


மே 25

உளி,

கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன், உன் அண்ணனையும் பேசாமல் உட்காரவைத்துக் கேட்டேன்.

மெல்லிய கம்பிகள் பாடுகின்றன. தடித்தவை ஒவ்வொன்றும் காலை ஊன்றி நிற்கின்றன. நான் தேர்ந்தெடுத்த மூன்றாம் இடம் நல்ல சத்தம்தான், இப்போதும் சொல்வேன். ஆனால் அது எல்லாரிடமும் இருக்கிற நல்ல சத்தம். என் காதுக்கு அதற்குமேல் கேட்கத் தெரியவில்லை. உன் முழங்கைக்குத் தெரிந்திருக்கிறது.

வெட்டு. இந்த முறை மணல்மீசையை உன் கண்ணுக்கு நேராக நிறுத்திக்கொண்டு வெட்டு. அந்தத் துண்டை அப்படியே தெரியும்படி வை, பெயின்ட் வேண்டாம். மேடையைச் சீவினால் உன்னைச் சும்மா விட மாட்டேன்.

அண்ணி


ஜூன் 22

உளி,

நீ வருவாய் என்று முதல் வரிசை ஓரத்தில் ஒரு நாற்காலி பிடித்துவைத்திருந்தேன். கடைசிவரை உன் அண்ணனின் சட்டைதான் அதில் உட்கார்ந்திருந்தது.

போகட்டும், நடந்ததைச் சொல்கிறேன். நீ அனுப்பிய கிட்டார் வந்து சேர்ந்ததும் ஒத்திகைக்கு எடுத்துக்கொண்டு போனேன். தலைவர் பிக்கப்பைப் பார்த்து, "என்ன இது, திருப்பி மாட்டிட்டாங்களா?" என்றார். நான் ஒயரைச் செருகி முதல் பாட்டின் தொடக்கத்தை வாசித்தேன். டிரம்ஸ்காரர் குச்சியைக் கீழே வைத்துவிட்டு, "இன்னொரு தடவ" என்றார். மறுபடி வாசித்தேன். "என் காலுக்கும் உங்க கைக்கும் நடுவுல எப்பவும் ஒரு சந்து இருக்கும். இன்னிக்கு அத காணோம்" என்றார்.

தலைவர் எழுந்து வந்து குனிந்து அந்தத் துண்டு வைத்த இடத்தை நகத்தால் தடவினார். "ஒட்டே தெரியலியே. யாரு செஞ்சது?"

"என் நாத்தனார்."

"யாரு?"

"நாத்தனார். புருஷனோட தங்கச்சி. நம்ப முடியலையா? எனக்கும் கொஞ்ச நாள் ஆச்சு."

நிகழ்ச்சியில் பதினோரு பாட்டு. மணிக்கட்டு ஒரு தடவைகூட முணுமுணுக்கவில்லை. கட்டைவிரல் தானாகப் போய் மேடையில் உட்கார்ந்துகொள்கிறது, தேட வேண்டியதில்லை. எட்டாவது பாட்டில் மற்ற எல்லாரும் நின்றுவிட நான் மட்டும் தனியாக வாசிக்க ஓர் இடம் உண்டு. எப்போதும் பயந்துகொண்டே கடப்பேன். அன்றைக்கு மெல்லிய கம்பிக்குப் போய், கொஞ்ச நேரம் அங்கேயே இருந்துவிட்டு வந்தேன். மண்டபம் கைதட்டவில்லை. அமைதியாக இருந்தது. அந்த அமைதி கைதட்டலைவிட நன்றாக இருந்தது.

நீ ஏன் வரவில்லை என்று உன் அண்ணன் கேட்டதற்கு, வேலை என்று சொல்லி அனுப்பினாயாம். எனக்குத் தெரியும். அவ்வளவு பேர் நடுவில் ஈரத்துணி சத்தம் கேட்டுக்கொண்டு, தலையாட்டிக்கொண்டு உட்கார உனக்குப் பிடிக்கவில்லை. தப்பில்லை. ஆனால் எங்கள் கண்ணாடிக் கடைக்குப் பக்கத்து அறையிலேயே காது சோதிக்கிறார்கள். அங்கே இருக்கும் பெண் எனக்குப் பழக்கம். உன் வேலைக்கு ஒன்றும் ஆகாது, காது போனதை மறைத்துக்கொண்டு மெஷின் ஓட்டுவதுதான் ஆபத்து என்று அவளே சொன்னாள். மணல்மீசை இல்லாத நாளில் ரௌட்டருக்குப் பக்கத்தில் உன் விரல் இருக்கிறது, அதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த விரல்கள் என்ன செய்யும் என்று இப்போது எனக்குத் தெரியுமே.

வா. நான் உன்னோடு அறைக்குள் வருகிறேன். அவள் சொல்வது கேட்காவிட்டால் என் உதட்டைப் பார்.

அண்ணி


ஜூலை 8

அண்ணி,

உங்கள் ஊருக்கு வரவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒருவர் பக்கத்தில் இருந்தால் நான் அழுதுவிடுவேன் என்று தோன்றியது. அதனால் இங்கேயே, போன செவ்வாய்க்கிழமை, தனியாகப் போய்ப் பார்த்துக்கொண்டேன்.

ஒரு சின்ன அறையில் உட்காரவைத்துக் காதில் ஹெட்ஃபோனை மாட்டினார்கள். சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். அரை மணி நேரம். பிறகு டாக்டர் ஒரு வரைபடத்தை என் பக்கம் திருப்பி, முகத்தைக் காட்டி நிதானமாகப் பேசினார். "மேல் சத்தம் நிறைய போயிடுச்சு. ஆனா இங்க பாருங்க, கீழ் சத்தம் அப்படியே இருக்கு. சின்னக் குழந்தை காது மாதிரி." அந்த இடத்தில் கோடு கீழே இறங்காமல் நேராகப் போயிருந்தது. எவ்வளவு நேராக என்று கையில் ஸ்கேல் இல்லாததால் அளக்கவில்லை.

காது கேட்கும் மெஷின் கொடுத்திருக்கிறார்கள், இரண்டு காதுக்கும். ஃபவுண்டரியில் போடக் கூடாது, அங்கே சத்தம் தடுக்கும் காதடைப்பான்தான். சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டேன். அவர், "எனக்கும் இடது காது போச்சு, யார்ட்டயும் சொல்லல" என்றார். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். மணல்மீசை இப்போது கத்துவதில்லை. ஒரு பச்சை விளக்கு வைத்திருக்கிறோம், நிறுத்து என்றால் அணைத்துவிடுவார்.

வீட்டுக்கு வந்து மெஷினைப் போட்டதும் முதலில் பயந்தேன். தாளைத் திருப்பினால் சரசரக்கிறது. இழைப்புளி மரத்தில் போகும்போது இவ்வளவு சன்னமாகக் கீச்சிடும் என்று மறந்தே போயிருந்தேன். நேற்று அண்ணன் ஃபோன் செய்தான். காதில் வைத்துக் கேட்டேன். "உளி, சாப்டியா?" என்றான். மெய்யெழுத்தெல்லாம் இருந்தது. நான், "கொரல் என்னடா இப்படிக் கரகரன்னு இருக்கு?" என்று கேட்டுவிட்டேன்.

அந்த மண்டபத்தில் உங்களுக்கு எட்டாவது பாட்டில் கிடைத்த அமைதியைப் பற்றிப் படித்ததிலிருந்து அதுவே மனசில் ஓடுகிறது. அடுத்த மாதம் ஷாப்பில் நான்கு நாள் விடுமுறை. நீங்கள் இங்கே வர முடியுமா? கிட்டாரோடு. ஆம்பை அண்ணன் தூக்கிக்கொண்டு வரட்டும், பெட்டி கட்டுவது அவனுக்குப் புதிதில்லை. என் அறையில் ஒரு நல்ல கனமான மரமேஜை இருக்கிறது. ஆம்பை அதன் மேல் வைத்துவிட்டு வாசிக்கத் தொடங்குங்கள்.

அந்த எட்டாவது பாட்டையே இரண்டு தடவை வாசிக்க வேண்டும். முதல் தடவை நான் மெஷினைக் கழற்றிவைத்துவிட்டு, முழங்கையை ஊன்றிக் கேட்பேன். இரண்டாவது தடவை போட்டுக்கொண்டு கேட்பேன். எது நன்றாக இருந்தது என்று நானே சொல்கிறேன். நீங்கள் எதுவும் முன்னால் சொல்லிவிடக் கூடாது.

உங்கள்
உளி